ஒரு காலைக்கு ஒரே தடவை

மரீத்தா கையுறையைக் கழற்றிவிட்டு, காரின் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தாள். குளிர் நெருப்பாகச் சுட்டது. நல்லது. இன்றைக்கு அப்பா ஏமாற்றவில்லை.

நேற்று ஏமாற்றியிருந்தார். அவள் எழுந்து வருவதற்குள் எப்படியோ இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கிவிட்டு, "பாரு, எவ்வளவு சமத்தா ஓடுது!" என்று சிரித்தார். கூரையெல்லாம் உறைபனி, பானெட் மட்டும் ஈரமாகப் பளபளத்தது. குளிரில் நின்றுபோகிற காரை ஒரு காலைக்கு ஒரே தடவைதான் சோதிக்க முடியும். சூடாகிவிட்டால் கோளாறு ஒளிந்துகொள்ளும். முந்தாநாள் அவளே ஸ்டார்ட் செய்தபோது ஒரு குறையும் இல்லை. அதனால் நேற்றிரவு சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

திங்கட்கிழமை அப்பா ஓட்டிப்போன கார் தண்டவாளத்தின் மேல் நின்றுவிட்டது. இரும்புத்தாது ரயில் ஊளையிட்டுக்கொண்டு வர, பால் வண்டிக்காரர் பின்னாலிருந்து முட்டித் தள்ளியிருக்கிறார். விஷயம் தெரிந்த அன்றே மரீத்தா தான் வசிக்கும் டுலூத் நகரத்திலிருந்து கிளம்பி வந்தாள். இன்று மதியம் திரும்ப வேண்டும்.

"கோளாறு தெரியலைன்னா சாவி என்கூட வரும்ப்பா."

"அப்போ உங்கம்மாவை யாரு பாக்குறது?"

இடுப்பெலும்பு முறிந்த அம்மா லெம்பி அக்டோபரிலிருந்து தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், முதியோர் இல்லத்தில் இருந்தாள். தினமும் காலை ஏழு மணிக்கு அப்பா ஊர்ஹோ ஏலக்காய் ரொட்டியோடு போய் நிற்பார். அவர் ஊட்டாவிட்டால் லெம்பி வாயைத் திறப்பதில்லை.

இப்போதும் ரொட்டிப் பொட்டலத்தோடுதான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மரீத்தா சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு, பானெட்டைத் தூக்கி, காற்று வடிகட்டியைக் கழற்றினாள். கார்புரேட்டரின் வாய் தெரிந்தது. குளிரில் சோக்கை இழுத்தால் உள்ளேயிருக்கும் சின்னத் தகடு அந்த வாயை மூட வேண்டும். அப்போதுதான் குளிர்ந்த இன்ஜின் நின்றுபோகாமல் ஓடும்.

"ஸ்டார்ட் பண்ணுங்க!"

"உத்தரவு, மெக்கானிக்கம்மா!"

இன்ஜின் இருமியது, நடுங்கியது, செத்தது. தகடு அசையவே இல்லை.

தகட்டை இழுக்கிற கேபிள் அறுந்திருக்கும். மனம் லேசாகிவிட்டது. அரை மணி நேர வேலை. உள்ளே கையை நீட்டி, டேஷ்போர்டின் நடுவிலிருந்த சோக் குமிழை இழுத்துவிட்டு, முன்னால் வந்து எட்டிப் பார்த்தாள். தகடு கச்சிதமாக மூடியிருந்தது.

அறுந்தது எதுவும் இல்லை. அவர் இழுக்கவே இல்லை.

இந்தக் காரை நாற்பத்தைந்து வருஷமாக ஓட்டுகிற மனிதர். குமிழைத் திரும்ப உள்ளே தள்ளினாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டாள்.

"அப்பா, இது எதுக்கு?"

ஊர்ஹோ குமிழைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.

"அதா? அது லெம்பி வேலை."

"அம்மாவா?"

"நான் சாவியைத் திருப்புவேன். அவ அதை இழுப்பா. நீ பின்சீட்டுல குறட்டை விட்டுட்டு வந்தே, உனக்கெங்க தெரியும்?"

மரீத்தா யோசித்தாள். அம்மாவின் சிவப்புக் கையுறை டேஷ்போர்டை நோக்கி நீள்வது ஞாபகம் வந்தது. ஆனால் அது ரேடியோவுக்கா, இதற்கா? கையுறை வரைதான் ஞாபகம் இருந்தது. நிஜமாகவே அவர் கை பழகாத வேலையா, மறதிக்கு அவர் போர்த்துகிற போர்வையா? அம்மாவைக் கேட்டுப் பயனில்லை. அவள் இப்போது எதைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் தலையாட்டுகிறாள்.

"இப்ப அம்மா இல்லையேப்பா. யாரு இழுக்கணும்?"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "மணி ஏழாகப்போகுதுடி."

அவள் வடிகட்டியை மாட்டி, பானெட்டை மூடிவிட்டு, அம்மாவின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கை தானாகக் குமிழுக்குப் போயிற்று. அவரே இழுக்கட்டும் என்று கையைப் பின்வாங்கி, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் திணித்துக்கொண்டாள்.

"கிளம்பலாம்ப்பா."

தூரத்தில் தாது ரயில் ஊளையிட்டது. அப்பாவின் வலது கை சாவியைப் பிடித்தது. திருப்பவில்லை. அவர் அவளைப் பார்த்தார், அவள் கைகள் இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு சாவியை விட்ட கை, அந்தரத்தில், சோக் குமிழுக்கும் ரொட்டிப் பொட்டலத்துக்கும் நடுவே நின்றது.