முப்பத்தேழாம் நம்பர் கால்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் கிடைத்தது. ஆம்பூரை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பெயர் தேவகிருபை. சாயங்கால பஸ்ஸில் என் பக்கத்து சீட் விஜயகுமாரிக்கு. அவள் தையல் லைனில் இருக்கிறாள், ஷூவின் மேல்பாகம் தைப்பவள். நான் கதை எழுதுவது அவளுக்குத் தெரியும். "எங்க பூர்ணிமா டூர் போனத எழுதுங்களேன் மேடம்" என்று ஒருநாள் கேட்டாள். பிள்ளை டூர் போனதில் என்ன கதை இருக்கப்போகிறது என்று சும்மா தலையாட்டினேன். அவள் இறங்கும் நிறுத்தம் வருவதற்குள் எனக்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிட்டது.

ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். எழுதியதையெல்லாம் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதற்குச் சரி என்று சொன்னது எவ்வளவு பெரிய வம்பு என்று போகப்போக நீங்களே பார்ப்பீர்கள்.

2

முதல் தொடக்கம்:

"வறுமையின் கோரப்பிடியில் சிக்கித் தவித்த அந்தத் தாய்—"

விஜயகுமாரி கையைக் காட்டி நிறுத்தினாள். "யாரு மேடம் அது?"

"நீதான்."

"நான் எங்க தவிச்சேன்? ஞாயித்துக்கெழம ஆனா கறி எடுக்கறோம்."

அடித்துவிட்டேன். இரண்டாவது தொடக்கம்:

"பூர்ணிமா அதுவரை எந்த மலையிலும் ஏறியதில்லை. மொட்டைமாடியில் நின்று தூரத்து மலையையே ஏக்கத்தோடு—"

"மாடி ஏது மேடம் எங்களுக்கு? ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு போட்ட வீடு. ரோட்ல நின்னாலே மலை தெரியும். அது ஒண்ணும் ஏக்கமா பாக்கல, செல்போனத்தான் பாத்துகினு இருக்கும்."

அதுவும் போயிற்று. ஆக, தொடக்கம் இல்லாமலேயே கதைக்குள் போகிறோம். பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

3

பூர்ணிமாவின் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நீலகிரிப் பக்கம் ஒரு முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நாலு நாள் அங்கேயே தங்கல். கட்டணம், விஜயகுமாரியின் சம்பளத்தில் பாதி.

இந்த இடத்தில் நீங்கள் அவளுடைய கம்மலைக் கழற்றி அடகுக் கடைக்கு அனுப்பத் தயாராகிவிட்டிருப்பீர்கள். நானும் கதை படிக்கிறவள்தான், எனக்குத் தெரியாதா? கம்மல் அப்போது ஏற்கெனவே அங்கேதான் இருந்தது.*

பணம் தீபாவளி போனஸிலிருந்து வந்தது. அந்த போனஸில் ஒரு செகண்ட் ஹேண்ட் ஃபிரிட்ஜ் வாங்குவதாகப் பேச்சு. ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் வீட்டுக்காரர் முனிரத்தினத்துக்குத்தான் அதில் ஆசை ஜாஸ்தி.

"ஃபிரிட்ஜ் அடுத்த வருஷமும் கடையில இருக்கும். அதுக்கு எட்டாங்கிளாஸ் டூரு அடுத்த வருஷம் இருக்குமா?" என்று விஜயகுமாரி கேட்டாள். அவர் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். அப்புறம் தானாகவே வந்து, "கட்டிடு. ஜில்லுனு தண்ணிய அதாச்சும் அங்க போய் குடிக்கட்டும்" என்றார்.

(* அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்மல் போனது பூர்ணிமாவின் அட்மிஷனுக்கு. இப்போது மீட்டாயிற்று, காதில் கிடக்கிறது. அதைப் பற்றி இனி யாரும் கவலைப்பட வேண்டாம்.)

4

பணம் கட்டியாயிற்று, பை கூட எடுத்து வைத்தாயிற்று. கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வகுப்பு டீச்சர் வாட்ஸாப் குரூப்பில் பேசி அனுப்பினார். மலை ஏற கணுக்காலை மூடுகிற ஷூ வேண்டும். செருப்போ சாதா ஷூவோ போட்டு வருகிற பிள்ளைகளை மேலே அழைத்துப்போக முடியாது, அவர்கள் முகாமிலேயே சமையல்கார அம்மாவோடு இருந்துகொள்ளலாம்.

இல்லாதவர்களுக்கு எப்போதும் இப்படித்தான். பெரிய செலவை எப்படியாவது சமாளித்துவிடுவார்கள், கடைசியாக வருகிற சின்னச் செலவு வந்து குறுக்கே படுத்துக்கொள்ளும். பைபாஸ் ஓரம் எக்ஸ்போர்ட்டில் மிஞ்சின சரக்கு விற்கிற கடைகளில் முனிரத்தினம் ஏறி இறங்கினார். எல்லாம் பெரிய பெரிய ஆண்பிள்ளை சைஸ். வேலூரில் ஒரு கடையில் சரியான ஜோடி இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

அம்மா தைப்பது ஷூ. மகளுக்குத் தேவை ஷூ. அப்புறம் என்ன நடக்கும் என்று நீங்கள் நினைப்பதைத்தான் நானும் எழுதினேன்:

"அன்று ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டும்போது, அவள் புடவைக்குள் மறைத்து—"

விஜயகுமாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று நிறுத்தம் தாண்டித்தான் திரும்பினாள்.

"இத்தினி வருஷத்துல ஒரு நூல்கண்டு எடுத்ததில்ல மேடம்" என்றாள் கடைசியில். "கேட்ல எப்டி செக் பண்றாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். கதைக்குத்தான் தெரியவில்லை. நான் நிஜமாகவே வெட்கப்பட்டேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து பஸ்ஸிலேயே போட்டேன். டிரைவர் திட்டினதால் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

5

உண்மையில் நடந்தது இது. கொஞ்சம் தொழில் விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கான புது மாடல் ஷூ எதுவானாலும் எங்கள் கம்பெனியில் முதலில் ஒரே ஒரு ஐரோப்பிய சைஸில்தான் செய்து பார்ப்பார்கள். முப்பத்தேழு. அந்த அளவுக் கால் உள்ள ஒருத்தி அதைப் போட்டு நடந்து, எங்கே கடிக்கிறது, எங்கே தொளதொளவென்று இருக்கிறது என்று சொல்ல வேண்டும். விஜயகுமாரியின் கால் அச்சில் வார்த்த முப்பத்தேழு. அதனால் சாம்பிள் ரூம் இன்சார்ஜ் இஷ்தியாக் அகமது அவளை அடிக்கடி லைனிலிருந்து கூப்பிட்டுக்கொள்வார். அதற்குத் தனியாகக் கொஞ்சம் படியும் உண்டு. சில மாடல்களை வீட்டுக்கே கொடுத்தனுப்புவார்கள். ஒரு மாசம் தினமும் போட்டுத் தேய்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். டிரயல் ஷூ என்போம்.

இதில் எங்கள் ஆட்கள் செய்கிற கூத்து ஒன்று இருக்கிறது. தேய்ப்பதற்கென்று கொடுத்த ஷூவை யாரும் தேய்ப்பதில்லை. கம்பெனிப் பொருள், அழுக்காகிவிட்டால்? பீரோ மேல் வைத்து, வீட்டுக்குள் பாய் மேல் நாலு நடை நடந்து, துணியால் துடைத்து, மாசக் கடைசியில் புத்தம்புதுசாகத் திருப்பிக் கொடுப்பார்கள். "எப்டிம்மா இருந்துச்சு?" என்று கேட்டால், "நல்லா இருந்துச்சு சார்." இஷ்தியாக் அகமது தலையில் அடித்துக்கொள்வார். "கல்யாணப் பொண்ணு மாதிரி உள்ளயே வெச்சிருந்து திருப்பித் தர்றீங்களேம்மா, ஆர்டர் குடுத்த வெளிநாட்டு பையருக்கு நான் இன்னான்னு எழுதறது?"

அந்த மாசம் விஜயகுமாரியின் வீட்டு பீரோ மேல் இருந்தது, மலை ஏறுகிற மாடல். கணுக்கால் வரைக்கும் மூடும்.

(இது நான் புனைந்தது இல்லை. புனைவதாக இருந்தால் இவ்வளவு வசதியாகப் புனையக் கூச்சப்பட்டிருப்பேன்.)

பூர்ணிமா அதை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அந்த வருஷம் அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே கால்.

6

இங்கே எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் ஒரு சந்தேகம் வந்தது. நூல்கண்டு எடுக்காதவள் இதைச் செய்வாளா? டிரயல் ஷூவை யார் பேருக்குக் கொடுத்தார்களோ அவர்தான் போட வேண்டும். அதிலும் பதினெட்டு வயது ஆகாத பிள்ளை இதில் சம்பந்தப்படுவது பெரிய ஆபத்து. குழந்தைகளை வேலைக்கு வைத்திருக்கிறோமா என்று பார்க்க வெளிநாட்டு ஆடிட் வரும் கம்பெனி. பிள்ளைகள் கேட்டுக்குள் கால் வைக்கவே கூடாது. தெரிந்தால் படி மட்டுமில்லை, வேலையே போகும்.

"பயமா இல்லியா உனக்கு?" என்று கேட்டேன்.

"பயந்தான் மேடம். ஆனா எல்லாப் புள்ளைங்களும் மேல போவும்போது இது மட்டும் கீழ வெங்காயம் உரிச்சுகினு உக்காந்துருந்தா? அத நெனச்சா பயம் கம்மியாயிடுச்சு. தொடச்சுக் குடுத்தா யாருக்குத் தெரியப்போவுதுன்னு அனுப்பிட்டேன்."

பாத்திரத்தின் மேல் இருந்த சந்தேகம் எனக்குத் தீர்ந்தது. உங்களுக்குத் தீரவில்லை என்றால் உங்களுக்குப் பிள்ளை இல்லை, அல்லது வெங்காயம் உரித்ததில்லை.

7

நாலு நாள் கழித்துப் பூர்ணிமா வந்தாள். "எப்டிடீ இருந்துச்சு?" "சூப்பர்மா." "இன்னா பாத்த?" "எல்லாமே சூப்பர்மா." அவ்வளவுதான். படுத்துத் தூங்கிவிட்டாள். மறுநாள் கேட்டாலும் சூப்பர். ஃபிரிட்ஜை விட்டுக்கொடுத்து அனுப்பிய அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தைதான் மிஞ்சியது. அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம்தான்.

ஷூவோ வேறு மாதிரி வந்திருந்தது. தையல் இடுக்கெல்லாம் செம்மண். முன்பக்கம் தோல் உரசி நிறம் போயிருந்தது. சோல் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. விஜயகுமாரி துடைத்தாள். முனிரத்தினம் ஆட்டோ சீட் துடைக்கிற திரவத்தைக் கொண்டுவந்து பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தார். ஷூ இன்னும் பேஜாராகிப்போனது. திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளும் வந்துவிட்டது.

இங்கே நான் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அவளை வேலையை விட்டு நீக்குகிறார்கள். மழையில் நனைந்தபடி அவள் பஸ்ஸுக்கு—

"சாபம் வுடாதீங்க மேடம்" என்றாள் விஜயகுமாரி.

முடிவு ஆ: ஜெர்மனியிலிருந்து பையரே நேரில் வந்து, பூர்ணிமாவின் கல்லூரிப் படிப்புக்கு—

"அந்தாளுக்கு வேற வேல இல்லியா?"

8

அவள் நேராக சாம்பிள் ரூமுக்குப் போய் ஷூவை மேஜை மேல் வைத்து, மகள் போட்டுக்கொண்டு போனதைச் சொல்லிவிட்டாள்.

இஷ்தியாக் அகமதுக்குக் கோபம் வந்தது. "உன் வேலையும் போவும், என் வேலையும் போவும், தெரியுமா?" என்று சத்தம் போட்டார். போட்டுக்கொண்டே ஷூவைத் திருப்பி சோலைப் பார்த்தார். சத்தம் நின்றது. விரலால் தடவினார். உள்ளே கைவிட்டுப் பார்த்தார்.

"எங்க கடிச்சுதாம்?"

"தெரியாது சார். சூப்பர்னு சொல்லுச்சு."

"சூப்பர்னு நான் இன்னா எழுதறது? கூட்டிட்டு வா. கேட்டுக்குள்ள வேணாம், எதிர்க்க டீக்கடைக்கு."

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் டீக்கடை பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் பேப்பர் விரித்து ஷூ. (நான் அங்கே இல்லை. இது விஜயகுமாரி பஸ்ஸில் நடித்துக் காட்டியது.)

"சொல்லு பாப்பா. எங்க கடிச்சுது?"

"ஏறும்போது ஒண்ணுமில்ல சார். எறங்கும்போதுதான் கட்டவெரல் முன்னாடி போய் இடிக்குது."

"சபாஷ். அப்புறம்?"

"பாசில வழுக்குது சார். ஒரு ஓடை தாண்டணும், கல்லு மேல கால வெச்சேன், உளுந்துட்டேன்."

"உளுந்தியா?" என்றாள் விஜயகுமாரி.

"என் ஃப்ரெண்டு ஹெப்சி கைய புடிச்சு தூக்குனாம்மா. ஷூக்குள்ள தண்ணி போச்சு சார், ஆனா மதியத்துக்குள்ள காஞ்சிடுச்சு. இந்த நாக்கு மாதிரி இருக்குதே, அது ஓரமாதான் அட்டை உள்ள வந்துச்சு."

"அட்டையா!"

"மூணுமா. நானே உப்பு போட்டு எடுத்தேன். ஹெப்சிக்கும் நான்தான் எடுத்து வுட்டேன். அவ அழுதா."

இஷ்தியாக் அகமது எழுதிக்கொண்டே இருந்தார். "உச்சிக்குப் போனப்புறம் கணுக்கால் எப்டி இருந்துச்சு? வலி?"

பூர்ணிமா யோசித்தாள். "அங்க கால் இருக்கறதே ஞாபகம் வரல சார். மேகம் கீழ இருந்துச்சு. நாங்க மேல, மேகம் கீழ. மிஸ் பாட்டு பாடச் சொன்னாங்க, யாருமே பாடல. எல்லாரும் சும்மா நின்னுகினே இருந்தோம்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "மாஷா அல்லா" என்றார். கால் இருப்பதே ஞாபகம் வராத ஷூதான் நல்ல ஷூவாம். இத்தனை வருஷத்தில் ஒருவரும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லையாம்.

"எனக்கு அங்கயே அழுக வந்துடுச்சு மேடம்" என்றாள் விஜயகுமாரி. "அட்டைக்கு ஒரு அழுக, மேகத்துக்கு ஒரு அழுக. வூட்ல வாயே தொறக்கல பாருங்க. சார் ஷூவப் பத்தி கேக்கக் கேக்க, நானும் கூடவே மலை ஏறி எறங்குன மாதிரி ஆயிடுச்சு. அவ்ளோ சந்தோஷம்."

வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. யார் காலென்று கேட்டால் முப்பத்தேழாம் நம்பர் கால் என்று சொல்லிக்கொள்வதாக இஷ்தியாக் அகமது சொல்லிவிட்டார். (ஆடிட் ஆட்கள் யாராவது இதைப் படித்தால்: மேலே 'நடந்தது', 'நிஜம்', 'உண்மை' என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறேனோ அங்கெல்லாம் புனைவு என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். கதை எழுதுகிறவளுக்கு இந்த ஒரு சௌகரியமாவது வேண்டாமா?)

9

டிரயல் முடிந்த ஷூவை மெஷினில் குறுக்கே வெட்டி உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்ப்பது வழக்கம். டீ குடித்து முடித்ததும் இஷ்தியாக் அகமது ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்டார்.

"இன்னும் எவ்ளோ தூரம் நடந்தா இந்த சோல் பிச்சுக்கும் பாப்பா?"

"தெரில சார். இன்னொரு வாட்டி போனாதான் தெரியும்."

அவர் சிரித்தார் என்று விஜயகுமாரி சொன்னாள். அப்புறம் வெட்டினாரா, பிள்ளையிடம் கொடுத்தாரா என்று நானும் ஒரு வாரம் கேட்டுப் பார்த்தேன். "நீங்களே எழுதிக்குங்க மேடம், எனக்கு அதோட போதும்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வருகிறாள். வெட்டுவதாக எழுதினால் எனக்கு மனசு கேட்கவில்லை. கொடுப்பதாக எழுதினால் இஷ்தியாக் அகமதுக்கு வம்பு.

அதனால் உங்களிடம் விட்டுவிடுகிறேன். ஷூ இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. எப்படி முடித்தாலும் விஜயகுமாரி கோபித்துக்கொள்ள மாட்டாள். மகள் மலை ஏறிவிட்டாள், அதை அவளும் காதாரக் கேட்டுவிட்டாள். ஆனால் பிள்ளைக்குத்தான் கொடுப்பதென்று தீர்மானித்தால், தயவுசெய்து சீக்கிரம் கொடுங்கள். பதிமூன்று வயதுக் கால் ஒரே நம்பரில் ரொம்ப நாள் நிற்காது.