எட்டாத விளிம்பு

பக்கிரிசாமி குழியின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, அவித்த மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்தான்.

"உப்பே இல்லையே, புள்ள."

"ஜப்பான்காரன்கிட்டப் போய்க் கேளுங்க, மூட்டையாக் குடுப்பான்," என்றாள் அவன் மனைவி மருதம்மாள். கயிற்றைப் பிடித்திருந்த கூட்டாளி அய்யாவு சிரித்தான்.

மலாயாவில், செமிலிங் பக்கத்து அந்த ரப்பர்த் தோட்டத்தில், மழைநீர்க் கால்வாய்களின் நடுநடுவே மண் தங்கும் குழிகள் உண்டு. வண்டலை வார ஆள் இறங்கவேண்டும். அதனால், உள்ளே நின்று கையை உயர்த்தினால் விரல் விளிம்பைத் தொடவேண்டும். அதற்குமேல் ஆழம் கூடாது. சுவரில் கால் வைக்கப் பள்ளங்களும் வெட்டுவார்கள். லாரிப் பாதையில் வெள்ளம் ஏறுகிறதென்று, புதிதாக வந்த ஜப்பானிய மேற்பார்வையாளன் இந்தக் குழியை மட்டும் இரண்டாள் ஆழத்துக்குத் தோண்ட வைத்தான். பள்ளம் வெட்டினால் சுவர் சரியுமென்று அதையும் தடுத்துவிட்டான். கயிறுதான் வழி.

பக்கிரிசாமி மறுபடி குழிக்குள் இறங்கினான். மருதம்மாள் வீடு திரும்புவதற்குள் வானம் கறுத்தது. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடித்தது. போகாதவனுக்கு உதை விழும். அய்யாவு கயிற்றை ரப்பர் மரத்தில் கட்டி, "ஏறி வாண்ணே!" என்று கத்திவிட்டு ஓடினான். களிமண் பூசிய கயிறு மழையில் விலாங்கு மீனாக வழுக்குமென்று நினைக்கவில்லை. அவன் திரும்பியபோது குழி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பக்கிரிசாமிக்கு நீந்தத் தெரியாது.

அவனைப் புதைத்த பிறகும், மழை பெய்தால் குழிக்குள்ளிருந்து பிராண்டும் சத்தம் வந்தது. பால்மரம் வெட்டுகிறவர்கள் அந்த மர நிரையை விட்டு ஒதுங்கினார்கள். தண்ணீர் வடிந்ததும் மருதம்மாள் எட்டிப் பார்த்தாள். நின்ற ஆள் கையுயர்த்தும் உயரத்தில், சுவரெங்கும் விரல் கீறல்கள். மழைக்கு மழை புதிது புதிதாக.

"ஏற முடியாமத் தவிக்கிறாரு," என்றாள் அய்யாவுவிடம். "நான் இறங்கிப் பள்ளம் வெட்டுறேன். நீ கயித்தப் பிடி."

"அக்கா, ஜப்பான்காரன் பார்த்தா தலை போயிரும் லா."

"உன் தலையத்தான் அன்னிக்கே காப்பாத்திக்கிட்டியே, தம்பி. இன்னிக்காவது கயித்த விடாத."

உள்ளங்கை அறுந்து இரத்தம் வந்தும் அவன் விடவில்லை. அவள் அடியிலிருந்து பள்ளம் பள்ளமாக வெட்டிக்கொண்டே மேலே வந்தாள்.

அடுத்த மழையில் பிராண்டும் சத்தம் இல்லை. விடிந்ததும் கதவைத் திறந்தாள். வாசலில் களிமண் கால்தடங்கள், குழிப் பக்கமிருந்து வந்து நின்றிருந்தன. இடது காலில் சுண்டுவிரல் இல்லை. மண்வெட்டி பட்டுப் பக்கிரிசாமி இழந்த விரல்.

சாரல் அடிக்கிறதென்று இரவு அவள்தான் கதவைத் தாழிட்டிருந்தாள்.

பிறகு எந்த மழைக்கும் அவள் தாழ் போட்டதில்லை. தடங்கள் மறுபடி வரவுமில்லை. ஜப்பான்காரன் போனான், அவள் வெட்டிய பள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. குழி இருக்கிறது. உள்ளே நின்று கையை உயர்த்தினால் விளிம்பு இன்னும் எட்டாது.