ரத்தம் எடுத்த பிறகு போடும் மாத்திரை

அண்ணனின் ஸ்டெம் செல்லை ஏற்றி அவளுடைய ரத்தப் புற்றுநோயைத் துரத்தியாகிவிட்டது. இப்போது கிட்னி முரண்டு பிடித்தது. கிட்னி கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு வாராவாரம் ஏறியது. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. அண்ணன் குழந்தைக்கு அம்மை. அதனால் வீட்டு ஆட்கள் அவள் பக்கம் தலைகாட்டவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒற்றை அறை. நாளெல்லாம் பார்த்தால், காலையில் வரும் அம்மாவின் போன்தான் ஒரே மனுஷக் குரல்.

“மாத்திரை போட்டியாடி?”

“போடறேன்.”

“போடறேன்னா? முழுங்கு, சத்தம் கேக்கணும்.”

“மாடு தண்ணி குடிக்கிற மாதிரியா?”

பின்னாலிருந்து அண்ணன் கத்தினான்: “அவ உடம்புல ஓடறது இப்ப என் ரத்தம்மா. வாய் மட்டும் மாறவே இல்ல!”

சிரித்துக்கொண்டே முழுங்கினாள். போனை வைத்ததும் அறை மறுபடி வாயை மூடிக்கொண்டது.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். “அண்ணனோட செல் உன் உடம்பத் தாக்காம இருக்கத்தான் இந்த மாத்திரை. ரத்தத்துல அளவு எக்கச்சக்கமா இருக்கு, கிட்னியக் கெடுக்குதுன்னு டோஸக் குறைச்சேன். இப்ப அந்தச் செல் தாக்கற மாதிரி தோல்ல தடிப்பு வருது. ரத்தம் எடுத்த பிறகுதானே மாத்திரை போடறே?”

“இல்லையே, முன்னாடியே.”

“படிச்ச பொண்ணுதானே நீ?”

அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். கோபம் சுர்ரென்று ஏறியது. “தவறாம காலையில போடுன்னுதான் சொன்னீங்க. டெஸ்ட் அன்னிக்கு நிறுத்துன்னு யாரு சொன்னா?”

டாக்டர் பேனாவை மூடினார். “சரி. நாளைக்குப் போடாம வா. போட்ட கையோட ரத்தம் எடுத்தா அளவு பொய்யா ஏறித்தான் தெரியும்.”

சாயங்காலம் அம்மாவிடம், “நாளைக்குக் காலையில கூப்பிடாதே” என்றாள்.

“ஏன்டி, நான் கூப்பிட்டது தப்பாப் போச்சா?”

“டெஸ்ட்டும்மா. அவ்வளவுதான்.” உண்மையைச் சொன்னால் அந்த மனுஷி சாப்பிடாமல் கிடப்பாள்.

மறுநாள் போன் வாய் திறக்கவில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு, குழாயடியில் நின்று மாத்திரையை முழுங்கினாள்.

ரிசல்ட் வந்ததும் டாக்டர் கூப்பிட்டார். “அளவு ரொம்பக் குறைவா இருக்கு. டோஸ ஏத்தறேன். அப்ப கிட்னியக் கெடுக்கிறது வேற ஏதோ. கிட்னியில ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பாக்கணும். இன்னிக்கே சேர்ந்துடு.”

“கூட யாரு?” என்றாள் வார்டு நர்ஸ்.

“ஏன், கட்டில் ரெண்டு பேருக்கா?”

நர்ஸ் சிரிக்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் நம்பரைப் போடப் போனவள், முதல் வார்த்தையாக என்ன சொல்வதென்று புரியாமல் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறினாள்.