இரண்டு விரற்கடை

நாமத்துக்குக் குழைத்த ஸ்ரீசூர்ணத்தைத் தொட்டு, சுவரில் முதுகை ஒட்டி நின்ற என் கணவரின் தோள்களுக்கு நேராக இரண்டு கோடுகள் போட்டேன். வலது தோளின் கோடு இரண்டு விரற்கடை கீழே இருந்தது. பன்னிரண்டு வருஷமாகப் பெருமாள் பல்லக்கை ஒரே தோளில் சுமந்தால் வேறெப்படி இருக்கும்? ஆடியில் ஒருநாள் சாதம் பிசையும்போது வலது விரல்கள் மடங்கவில்லை. அன்றுதான் இருவரும் பயந்துபோய், திருவள்ளூரில் ரயிலேறிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே பயிற்சி கொடுத்த விக்டோரியாம்மா எளாவூர்க்காரர். "இன்னா சாமி, கொடியில காயப்போட்ட துணி மாதிரி ஒருபக்கமா தொங்கறீங்க? டெய்லி செவுத்த ஒட்டி நின்னுகினு தோள மேல தூக்குங்க. தைக்குள்ள நிமிரலன்னா பல்லக்க மறந்துடுங்க" என்றார். ஏற்றம் தெரியத்தான் நான் சுவரில் கோடு போட்டது.

மறப்பதாவது! பிடிவாதத்தில் யதிராஜனுக்கு ஈடு யதிராஜன்தான். காலையும் மாலையும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வாராவாரம் நான் போட்ட புதுக்கோடு ஒரு நெல்லளவு ஏறியது. மார்கழிக் கடைசியில் இரண்டும் சமமானபோது நான் அழுதேவிட்டேன்.

தை உற்சவத்தின் முதல் புறப்பாடு. பல்லக்கின் முன்னால் இடது தண்டை வலது தோளில் ஏந்தி இவர், வலது தண்டை இடது தோளில் ஏந்தி இவருடைய பழைய ஜோடி ஜகந்நாதன். தூக்கியதும் பெருமாள் ஜகந்நாதன் பக்கம் சாய்ந்தார். "சாயறார், சாயறார்!" என்று கூட்டம் பதறியது.

"தோளை எறக்குடா யதி. பழையபடி நில்லு" என்றார் ஜகந்நாதன்.

"மாட்டேன்."

இறக்கினால் ஆறு மாதப் பாடும் வீண், கையும் போய்விடும். இறக்காவிட்டால் நாளைக்கே அந்த இடத்தில் வேறொருவர். இவரோ நிமிர்ந்தபடியே இடுப்புத் துண்டை உருவி நீட்டினார். "இதை மடிச்சுத் தோள்ல வெச்சுக்கோ."

ஜகந்நாதன் முறைத்தார். பின்னாலிருந்தவர்கள் தண்டை ஒரு கணம் தாங்கிக்கொள்ள, துண்டை வாங்கி வைத்துக்கொண்டார். பெருமாள் நேரானார். அப்படியே வீதி சுற்றி வந்தார்கள்.

பல்லக்கை இறக்கிவிட்டு ஜகந்நாதன் விறுவிறுவென்று நடந்துபோனார். இத்தனை நாளும் இவரையே பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணில் அப்போதுதான் பட்டது. சுமை போன பிறகும் அவருடைய இடது தோள் இறங்கியே இருந்தது.

மறுநாள் விடிகாலையில் வாசலில் கனைப்பு. உள்ளே வந்த ஜகந்நாதன் இவர் முகத்தைப் பார்க்காமல் சுவரை ஒட்டி நின்றார்.

"எத்தனை மாசம் ஆகும் மன்னி?"

ஸ்ரீசூர்ணக் கிண்ணத்தை எடுத்தேன். அவருடைய இடது தோளுக்கு நேராக நான் இழுத்த கோடு, ஆடியில் இவருடைய வலது தோளுக்குப் போட்ட முதல் கோட்டின் மட்டத்திலேயே போய் விழுந்தது.