அசைபோடாத மத்தியானம்

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. காதை மட்டும்தான் வைப்பேன். எங்கள் சமையலறைக்கும் அவர்கள் மாட்டுக் கொட்டகைக்கும் ஒரே சுவர். மத்தியானம் பாத்திரம் கழுவிவிட்டு அதில் சாய்ந்தால், அந்தப் பக்கம் மாடுகள் அசைபோடுவது முதுகிலேயே தெரியும். கறுப்பன் என்ற காளை மெல்லும்போது மட்டும் தாடையில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். தாயில்லாக் கன்றாக வந்தவனைக் கொட்டகைக்காரரின் மனைவி புட்டிப்பால் கொடுத்து வளர்த்திருந்தாள்.

எல்லாம் இறைச்சிக்கு வளர்ப்பவை. வியாபாரியின் லாரி வருவதற்குள் கொழுக்காவிட்டால் கொட்டகையை மூட வேண்டியதுதான். கொட்டகைக்காரருக்கு உடனே ஞானம் பிறந்தது. சதை போடுவது சோளம்தான், பிண்ணாக்கு வெறும் வாசனைக்கு என்று கண்டுபிடித்து, பிண்ணாக்கை நிறுத்திவிட்டு முழு மக்காச்சோளமாகத் தொட்டியை நிரப்பினார்.

மாடுகளும் தின்றன. தின்ற சோளம் சாணத்தில் மணிமணியாக அப்படியே திரும்பி வந்தது. குப்பைமேடு பச்சைப்பசேலென்று முளைத்துவிட்டது. வேடிக்கை பார்க்க வந்த மச்சான்காரன் விடுவானா?

“மாமா, நீங்க மாட்டுக்குத் தீனி போடறீங்களா, இல்ல விதைக்கறீங்களா?”

அது சுருக்கென்று தைத்துவிட்டது. மறுநாளே சோளத்தை மில்லில் கொடுத்து முகப் பவுடர் மாதிரி அரைத்து வந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாமே என்றாளாம் மனைவி. லாரி காத்திருக்குமா என்று கேட்டுவிட்டு மூட்டையோடு கொட்டினாராம்.

அடுத்த மத்தியானம் சுவரில் சாய்ந்தேன். சத்தமே இல்லை.

ஒரு பிடி உப்பு கேட்கும் சாக்கில் போய்ப் பார்த்தேன். மாடுகள் அத்தனையும் என் சுவரைப் பார்த்தபடி தலை தொங்கி நின்றன. ஒரு தாடைகூட அசையவில்லை. மாவு புளித்த நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன். கறுப்பன் மட்டும் படுத்திருந்தான். தலையைத் திருப்பித் தன் விலாவிலேயே வைத்திருந்தான், உள்ளே யாரோ பேசுவதைக் கேட்கிறவன் மாதிரி.

“அக்கா, இதுங்க ஏன் மெல்லல?” என்றேன். அவள் கையிலிருந்த வாளி கீழே விழுந்தது.

மாட்டு டாக்டர் வந்து ஒவ்வொரு விலாவிலும் காதை வைத்துக் கேட்டார்.

“தீனியச் செரிக்கறது மாடு இல்லம்மா. வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் இருக்கு, அதுதான். பிண்ணாக்குல இருக்கற புரதம் அதுக்குச் சோறு. அத நிறுத்திப் பட்டினி போட்டீங்க. சோளமும் உடையாம போச்சு, மாவுச்சத்து அப்படியே வெளிய வந்துது. இப்ப ஒரேயடியா மாவக் கொட்டினதும் உள்ள வெறிபிடிச்சுப் பொங்கி, எல்லாம் அமிலமா நிக்குது.”

“அப்போ மாடு?” என்றார் கொட்டகைக்காரர்.

“அது வெறும் வீடுங்க.”

சோடா உப்புக் கரைசலும் வைக்கோலும் கொடுத்தார்கள். மற்றவை மெல்ல மெல்ல அசைபோட ஆரம்பித்தன. அதன்பிறகு அவற்றுக்கு ஒன்றிரண்டாக உடைத்த சோளம், அளவாகப் பிண்ணாக்கு. சாணத்தில் முழு மணியைப் பார்ப்பதே அபூர்வம். லாரியும் வந்து ஏற்றிக்கொண்டு போனது. கொட்டகை பிழைத்தது. கறுப்பன்தான் பிழைக்கவில்லை.

அவன் கிடந்த இடத்தில் சுண்ணாம்புத்தூள் போட்டிருந்தார்கள். குளம்பு படாத மண்ணில், பழைய சாணத்துச் சோளமெல்லாம் அதைச் சுற்றி முளைத்துவிட்டது. நடுவில் மட்டும் வெள்ளையாக, கால் மடக்கி, தலை திருப்பிப் படுத்த ஒரு காளை.

கொட்டகைக்காரர் மண்வெட்டியோடு போனார். மனைவி குறுக்கே நின்றாள்.

“தொடாதீங்க. உள்ள இருந்ததுங்க இன்னும் பசியோட இருக்குங்க.”

அந்த வெள்ளை வயிற்றின் நடுவில் ஒரு கைப்பிடி பிண்ணாக்கு வைத்தாள். காலையில் அது இல்லை. எலி என்றார் அவர். அவள் தினமும் வைக்கிறாள், தினமும் தீர்ந்துபோகிறது.

நானும் எலி என்றுதான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அடுத்த கன்றுகள் இன்னும் வரவில்லை, கொட்டகை காலி. எலிக்குத் தாடையில் ‘டக்’ கேட்குமா என்பதை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.