ஃபிதென்சியோ தூக்கிய கை

வால்நட் தோப்பு முதலாளிகள் எங்கள் ஊர்க் கிணறுகளை உறிஞ்சித் தீர்த்தார்கள். அதைத் தடுக்க மாநிலப் பேரவையில் சட்டம் போட்டோம். மெக்சிகோவின் வடகோடியில் இருக்கும் எங்கள் மாநிலத்தில், எதிர்க்கட்சிக்குப் பெரும்பான்மை கிடைத்தது அதுதான் முதல் முறை. ஓட்டு வாங்கி வந்த ஆளுநரோ மறுக்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை. சட்டத்தை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார். கெடு எதுவும் அரசியல் சாசனத்தில் கிடையாது. அதை எழுதிய காலத்தில் பேரவையும் ஆளுநரும் ஒரே கட்சி, கெடு எதற்கு?

ஆளுநர் இழுத்தடித்தால் பேரவையே சட்டத்தை வெளியிடலாம் என்று சாசனத்தைத் திருத்தப் புறப்பட்டோம். திருத்தத்துக்கு அவர் கையெழுத்து தேவையில்லை; பேரவையில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். ஒரு ஓட்டு குறைந்தது.

ஆளுநரின் கட்சி உறுப்பினர் ஃபிதென்சியோ என் ஊர்க்காரர், என் மகளுக்கு ஞானத்தந்தை. அந்த உறவில் நான் அவருக்குக் கொமாத்ரே, அவர் எனக்குக் கொம்பாத்ரே. ஓட்டெடுப்பு நாள் காலையில் பேரவை வராந்தாவில் அவரை மடக்கினேன்.

"கொம்பாத்ரே, குளிச்சு எத்தனை நாளாச்சு?"

"தண்ணி லாரி வந்தா குளிப்பேன். மூக்கைப் பொத்திக்கோங்க, கொமாத்ரே."

"உங்க ஓட்டு?"

சிரிப்பு நின்றது. "பையன் ஆளுநர் ஆபீஸ்ல வேலை பார்க்கிறான். என்னை விட்டுடுங்க."

அன்று அவைத்தலைவர் நாற்காலியில் நான். "ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்" என்றேன். அவர் கையும் எழுந்தது! முகத்துக்கும் கைக்கும் சம்பந்தமே இல்லை. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கை தூக்கியே கிழவராகிவிட்ட மனிதர்; வெறும் பழக்கதோஷம். அவருக்கே அது தெரியவில்லை.

பட்டென்று எண்ணி முடித்திருக்கலாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அசந்தவன் ஓட்டைப் பறித்தால், எனக்கும் அந்த இழுப்பறைக்காரருக்கும் என்ன வித்தியாசம்?

"உறுப்பினர் ஃபிதென்சியோ, தெரிஞ்சுதான் தூக்கியிருக்கீங்களா?"

அவர் நிமிர்ந்து தன் கையைப் பார்த்தார். முன்வரிசையிலிருந்து அவருடைய கட்சித் தலைவர் சீறினார்: "இறக்குய்யா கையை! பையனை நெனச்சுப் பாரு!"

"அவனைத்தான் நெனக்கிறேன். கை பழக்கத்துல போயிடுச்சு, கொமாத்ரே. இப்ப நான்தான் பிடிச்சிருக்கேன். சீக்கிரம் எண்ணுங்க, தோள்பட்டை வலிக்குது."

இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, எண்ணி முடிக்கும்வரை இறக்காமல் இருந்தார். திருத்தம் நிறைவேறியது என்று அறிவித்தேன்.

அவர் மகனை அன்று மாலையே வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.