எடுத்து வை

அன்று சாயந்திரம் ஷார்ஜாவில் ஹரிதாவுக்கு வளைகாப்பு. தாய் வீட்டு வளையல் போய்ச் சேர்ந்துவிட்டது; தாய்க்குத்தான் விசா கிடைக்கவில்லை. மகள் கை நிறைய வளையலோடு நிற்பதைக் கம்ப்யூட்டரிலாவது பார்த்துவிட வேண்டும் என்று, திருப்பதியில் அலிபிரி ரோட்டு வீட்டில் தாட்சாயணி தலைக்குக் குளித்து, பட்டுக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்டர்நெட் வரவில்லை.

சரிபண்ண வேண்டிய மகன் ஹேமநாத் ஹைதராபாத்தில் இருந்தான். ராத்திரியெல்லாம் கண்விழித்து, அமெரிக்காக்காரர்களின் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் போனிலேயே வழி சொல்லும் வேலை. அவர்கள் ஒன்றையே எத்தனை தடவை கேட்டாலும் குரலில் எரிச்சல் தட்டாது. அந்தப் பொறுமைக்குக் கம்பெனி அவனுக்கு ஒரு கோப்பை வேறு கொடுத்திருந்தது. நேற்றே அம்மாவுக்கு வழி சொல்ல ஆரம்பித்தவன், வாசலில் ஆபீஸ் வேன் ஹார்ன் அடித்ததும் பாதியில் போனை வைத்துவிட்டு ஓடியிருந்தான். இன்று அவனே கூப்பிட்டான்.

"மோடத்துல எல்லா லைட்டும் எரியுதா மா?"

"ரெண்டு எரிஞ்சிக்கினு கீதுப்பா. ஒண்ணு எரியல."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"பண்ணிட்டேன். அப்டியேதான் கீது. ஹேமா, அங்க அவளுக்குச் சந்தனம் பூச ஆரம்பிச்சிருப்பாங்களாடா?"

"இப்ப அதுவா முக்கியம்? கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு!"

அதுவும் ஆயிற்று. அவள் மெதுவாகச் செய்யச் செய்ய இவனுக்கு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் வெடித்தான்.

"மோடத்துலேர்ந்து கம்ப்யூட்டருக்குப் போற மஞ்ச வயரு எங்க? கண்ணு தெரியலயா? மண்டையில ஏதாவது கீதா இல்லியா? எருமைக்குச் சொல்லிக் குடுத்தாக்கூட இந்நேரம் கத்துக்கினு இருக்கும்!"



"வயரு பீரோவுல கீதுப்பா" என்றாள் அம்மா. "நீதானே நேத்து எடுத்து வைன்னே. துணி சுத்தி, பட்டுப் புடவைக்கு அடியில பத்திரமா எடுத்து வச்சிக்கிறேன்."

ஹேமநாத்துக்கு அப்போதுதான் உறைத்தது. கழற்றி மறுபடியும் செருகு என்பதைத் தெலுங்கில் 'தீசி பெட்டு' என்பார்கள். தெலுங்குப் பையன்களோடு ஒரே ரூமில் இருந்து இருந்து, அதையே தமிழில் 'எடுத்து வை' என்று சொல்லியிருக்கிறான். தமிழ்நாட்டு எல்லையில் புத்தூர் பக்கம் பிறந்த தமிழ்க்காரி, தமிழில் சொன்னதைத் தமிழில் செய்திருக்கிறாள்.

அப்போது பக்கத்திலிருந்து இன்னொரு குரல் கேட்டது. எதிர்வீட்டுக் கமலம்மா.

"ஏம்ப்பா ஹேமா, ஆபீசுல அந்த வெள்ளைக்கார அம்மாங்களயும் எருமைன்னுதான் கூப்புடுவியா?"

கூடவே நாலைந்து பெண்களின் சிரிப்பு. ரெண்டு கையும் வேண்டுமே என்று அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். வளைகாப்பு பார்க்க வந்த தெருவே உட்கார்ந்து கேட்டிருக்கிறது. 'என் பையன் வெளிநாட்டுக்கே வழி சொல்றான்' என்று அம்மா பெருமையடித்திருந்த தெரு அது.

"சும்மா இரு கமலம்மா. தூக்கம் கெட்ட புள்ள" என்றாள் அம்மா. "வயரை எடுத்தாந்துட்டேன். எங்கப்பா சொருவணும்?"

அவன் சொன்னான். குரல் எழும்பவேயில்லை. "அம்மா" என்று மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அங்கே பச்சை விளக்கு எரிந்து, பெண்கள் கூவி, அம்மா போனை மேஜைமேல் போட்டுவிட்டாள். அணைக்க மறந்துபோனாள்.

வளையல் குலுங்குவது கேட்டது. ஹரிதாவின் குரல் கேட்டது.

"மா! நீ எப்டிமா இதெல்லாம் போட்டே?"

"எனக்கு இன்னாடி தெரியும்? உன் தம்பிதான் போன்ல பொறுமையா சொல்லிக் குடுத்தான். ஒரு சத்தம் போடலை."

"ஆமாமா, ஆமாமா" என்றாள் கமலம்மா.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஹேமநாத் போனைக் காதிலேயே வைத்திருந்தான். காது சுட்டது.